கணக்குக் காட்டாதவரும் குடவோலையும்

(யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



தலைவரைத் தெரிதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். எந்தச் சின்னத்துக்கு நேரே புள்ளடியிட வேண்டும் என்று நாம் சொல்லப்போகின்றோம் என எதிர்பார்த்து வந்தவர் எவரேனும் இருப்பின், அவர் இப்பொழுதே எழுந்து தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போகலாம். எமக்கு மனவருத்தம் இல்லை. வாக்களித்த நாளைப் பற்றியன்று, வாக்களித்த மறுநாளைப் பற்றியே நாம் பேச விரும்புகின்றோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரை நீங்கள் அறிவீர்கள். நேரிற் கண்டிராவிடினும் மேடைகளிற் கேட்டிருப்பீர்கள். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டுக்கும் மற்றையது 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது என்பதே கருத்து. இதனை எடுத்துக் கூறிவிட்டு, உலகுக்குக் குடியாட்சியை ஈந்தவர் தமிழரே என்று முழங்கிக் கைதட்டல் பெறுவது எம் பேச்சாளரின் வழக்கம்.

கைதட்டுவதற்கு முன்னர் கல்வெட்டின் எஞ்சிய பகுதியையும் படித்தல் நன்று. அஃது ஒரு பிராமண ஊர். கால்வேலிக்கு மேற்பட்ட, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவரின் பெயர்களே குடத்தில் விழுந்தன. அரைக்கால்வேலி மாத்திரம் உடையவராயின் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருக்க வேண்டும். அவ்வூர் வயலில் இறங்கி உழுதவனின் பெயருக்கு அக்குடத்தில் இடமில்லை. பெண்ணின் பெயருக்கும் இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழைமை பேசும்போது இதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

ஆயினும் அக்கல்வெட்டில் நாம் கைகூப்பி வணங்கத்தக்க ஒரு பகுதி உண்டு. அது குடத்தைப் பற்றிய பகுதியன்று. யாருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்னும் பகுதி. முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் இடப்படலாகாது. அவர் மாத்திரமா? அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன், சகோதரியின் மகன், பெரியதாய் சிறியதாயின் மக்கள் என்று உறவு முறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, அவர்கள் பெயரும் இடப்படலாகாது என்று விதிக்கப்பட்டிருக்கின்றது. அந்நிரலைப் படிக்கும்போது எமக்குச் சிரிப்பும் வந்தது, மதிப்பும் தோன்றியது. கணக்குக் காட்டாதவன் தான் ஒதுங்கி நின்று மைத்துனனை முன்னே தள்ளுவான் என்பதை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர். பிறர் பொருளைத் திருடியவனும் கள்ளக் கையெழுத்து இட்டவனும் அந்நிரலில் வருகின்றனர்.

கணக்கனைப் பற்றிய விதி இன்னும் கூரியது. தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் ஒப்புவித்து, நேர்மையானவன் என்று காணப்பட்டால் அன்றி அவனுக்கு மீண்டும் அப்பணி இல்லை. அவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்து வைக்கலாகாது. வாரியத்தில் இருப்பவர் குற்றம் செய்தது தெரிந்தால் அக்கணமே நீக்கப்படுவார். எல்லோருக்கும் காலம் 360 நாட்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரின் பெயர் மறுபடியும் குடத்தில் வரலாகாது. ஏரியைப் பேணுதற்கு ஒரு வாரியம் இருந்தது, அதில் அறுவர். குளத்து நீரை நம்பி வாழும் கமக்காரர்களாகிய உங்களுக்கு அதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதற் கல்வெட்டு வெட்டி இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். முதல் விதியில் எவனோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான் என்றே நாம் ஊகிக்கின்றோம். நல்லவர் வருவர் என்று நம்பி எழுதிய சட்டமன்று அது. வருபவர் எவராயினும் அவர் கையைத் திறந்து காட்டவேண்டும் என்று எழுதிய சட்டம்.

இனி, கடல் கடந்து ஏதென்சு நகருக்குச் செல்வோம். உத்தரமேரூருக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் முன்னர், அந்நகரத்தார் தம் பதவிகளிற் பெரும்பாலானவற்றைச் சீட்டுக் குலுக்கி நிரப்பினர். ஐந்நூற்றுவர் சபைக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இரு முறைக்கு மேல் இருக்க முடியாது. படைத் தலைவர் பதின்மரையோ வாக்கினால் தெரிந்தனர். போர்க்களத்தைச் சீட்டிடம் ஒப்படைக்க அவர்கள் துணியவில்லை போலும். பதவி ஏற்பவனிடம், பெற்றோரைப் பேணுகின்றானா, வரி செலுத்துகின்றானா, போருக்குச் சென்றிருக்கின்றானா என்று கேட்டனர். எவ்வளவு படித்திருக்கின்றாய் என்று கேட்கவில்லை. அப்புக்காத்துமாரும் டாக்டர்மாரும் இச்சபையில் இருக்கின்றமையால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கின்றோம்.

ஆண்டில் பத்து முறை, அதிகாரிகள் செவ்வனே ஆள்கின்றனரா என்னும் கேள்வி மக்கட் பேரவையின் முன் வைக்கப்பட்டது. பதவி முடிந்ததும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அது தீரும்வரை அவன் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. மாபெருந் தலைவனாகிய பெரிக்கிளிசையே கி.மு. 430இல் பதவி நீக்கித் தண்டம் விதித்தனர். அடுத்த ஆண்டிலேயே மீண்டும் அவனைத் தெரிந்தனர். தண்டித்தமையால் அவன் அவர்களுக்குப் பகைவனாகவில்லை. மீண்டும் தெரிந்தமையால் தெய்வமாகவும் ஆகிவிடவில்லை. எம்மவர் ஒரு தலைவரை முதல் ஆண்டில் தோளிற் சுமந்து, அடுத்த ஆண்டில் துரோகி என்று தூற்றுவதைப் பார்க்கும்போது, இந்த நடுநிலை எமக்கு எப்போது வரும் என்று ஏங்குகின்றோம்.

மக்கள் தீர்ப்புப் பிழைப்பதும் உண்டு. கி.மு. 406இல் ஆர்கினூசே என்னும் இடத்திற் கடற்போரில் வென்ற படைத் தலைவர்கள், புயலிற் சிக்கிய தம் வீரரை மீட்கத் தவறினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். தனித்தனியே விசாரியாமல், ஒரே வாக்கெடுப்பிற் குற்றவாளிகளாக்கி, அகப்பட்ட அறுவரையும் கொன்றனர். அது சட்டத்துக்கு முரண் என்று அன்று மறுத்து நின்றவர்களுள் சோக்கிரதரும் ஒருவர். பின்னர் நகரம் வருந்தியது, மாண்டவர் மீளவில்லை.

கொல்லப்பட்ட அறுவருள் ஒருவன் பெரிக்கிளிசின் மகன். இங்கே ஒரு கதை பின்னிக் கிடக்கின்றது. தாய் தந்தை இருவரும் ஏதென்சு நகரத்தாராக இருந்தாலன்றி ஒருவன் குடிமகன் ஆகான் என்ற சட்டத்தைக் கி.மு. 451இல் கொண்டுவந்தவன் பெரிக்கிளிசே. பின்னர் அவனுடைய இரு மைந்தரும் கொள்ளைநோயில் இறந்தனர். எஞ்சிய ஒரு மகன், வேற்றூர்ப் பெண்ணாகிய அசுப்பாசியா பெற்றவன். தந்தையின் சட்டப்படி அவன் குடிமகனல்லன். தன் சட்டத்துக்கே விலக்குக் கேட்டு, பெரிக்கிளிசு மக்கள் முன் இரந்து நின்றான். மக்கள் இரங்கினர். அவ்வாறு குடியுரிமை பெற்ற மகனே அறுவருள் ஒருவனாக மாண்டவன்.

இக்கதையை நாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னோம் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆட்சியை மக்கள் தீர்ப்பிடுகின்றனர் என்கின்றோம். மக்கள் என்போர் யார் என்று தீர்ப்பிடுவது எவர்?

எமது நாட்டில் 1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தபோது, நாடு முழுவதிலும் வாக்காளர் ஏறக்குறைய மூவாயிரம் பேரே. அதில் வென்றவர் சேர். பொன். இராமநாதன். டொனமூர் ஆணைக்குழு 1928இல் எல்லோர்க்கும் வாக்குரிமை வழங்குமாறு கூறிய வேளை, அதனை வன்மையாக எதிர்த்தவருள்ளும் அவர் ஒருவர். அவருடைய கல்விப் பணியை நாம் போற்றுகின்றோம். இவ்விடயத்தில் அவர் பிழைத்தார் என்று கூறவும் தயங்கோம். 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். எழுத்தறியாதவர் பொருட்டு வேட்பாளருக்கு ஒரு நிறமாக வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. முழுச் சுயாட்சி வழங்காத திட்டம் என்று எம் இளைஞர் பகிட்கரித்தமையே காரணம். 1934இலேயே அவ்வாசனங்கள் நிரம்பின. கொள்கை உயர்ந்தது, கேட்டவர்தாம் எவருமில்லை.

1947இல் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினால் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தற் சட்டத்துக்குச் செய்த திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தமக்கு மாறாகத் தீர்ப்பிட்டவரை நீதிபதி இருக்கையினின்றும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, தீர்ப்பு எமக்குச் சார்பானது என்றனர் ஆண்டோர். அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியோருள் தமிழ் உறுப்பினரும் இருந்தனர். அவர்களை இங்கிருந்து அனுப்பிய வாக்காளர், ஏன் இவ்வாறு செய்தீர் என்று அன்றே ஒரு கூட்டம் கூட்டிக் கேட்டிருக்கலாம். வெகுசிலரே கேட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இன்னொன்று. 2013இல் நாம் தெரிந்த வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. 2024ஆம் ஆண்டு முடியும் வரையும் அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. தேர்தல் இல்லை என்ற குறையை எல்லோரும் பேசுகின்றனர். அவ்வைந்தாண்டுகளில் அச்சபை செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்று வட்டாரந்தோறும் அமர்ந்து ஆராய்ந்த ஊர்கள் எத்தனை?

கொழும்பையே குறை கூறிக்கொண்டிருப்பதில் எமக்கு உடன்பாடில்லை. அண்மையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். கணக்கறிக்கை வாசிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார் செயலாளர். ஏற்றுக்கொள்ளலாம் என்றது சபை. வாசிக்கவில்லை! நாமும் அச்சபையில் அமர்ந்திருந்தோம். நாமும் வாய் திறக்கவில்லை. தேநீர் வந்துகொண்டிருந்தது; செயலாளர் வேண்டியவர்; எழுந்து கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாகும் என்று நாணினோம். வீட்டுக்கு வந்த பின்னரே, இந்த நாணத்துக்கு இடம் வைக்காமலே உத்தரமேரூரார் விதி செய்தனர் என்பது உறைத்தது. எல்லோரிடமும் கேட்பது விதியாயின், ஒருவரிடம் கேட்பது அவமதிப்பாகாது.

பிரக்கிராசியாரிடம் உறுதி முடிக்கச் செல்லும் கமக்காரர், எல்லை நாற்புறமும் சரியா என்று நான்கு முறை கேட்கின்றார். சந்தையில் ஒரு கட்டுப் புகையிலைக்கு அரை நாள் பேரம் பேசுகின்றார். ஐந்தாண்டுக்கு ஊரையே ஒப்படைத்தவரிடம் மாத்திரம், அவர் கலியாண வீட்டில் எதிர்ப்பட்டால், சுகமா என்று கேட்டு விலகுகின்றோம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தோம். வாசிகசாலையின் ஆண்டுக் கணக்கறிக்கை, பேச்சுகளுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் பின்னர், இறுதியில் வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வேளை இக்கொட்டகையில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்பதைத் தலைவர் அவர்கள் எம்மினும் நன்கறிவார். அதனை இப்பொழுதே எடுக்குமாறு அவரைக் கேட்டோம். அவரும் மனமுவந்து இசைந்துள்ளார். ஆகவே எமது பேச்சை இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு, பொருளாளர் அவர்களுக்கு மேடையை விட்டுக் கொடுக்கின்றோம்.