இரு கணிப்பொறிகளும் ஒரு பொது வட்டும்



புதுடில்லியில் 1985-ஆம் ஆண்டில் இரயில் முன்பதிவுப் பணி கணிப்பொறிக்கு மாறத் தொடங்கியது. அதற்கு முன்னர் அந்தந்த வண்டியின் பதிவேடு எந்தக் கவுண்டரில் உள்ளதோ அங்கேதான் பயணிகள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கணிப்பொறி இந்தத் தொல்லையை நீக்கிற்று. ஆயினும் வேறோர் அச்சத்தைக் கொண்டுவந்தது. பதிவேடொன்று கைதவறினால் ஒரு வண்டிக்குத்தான் இடர். கணிப்பொறி நின்றுவிட்டாலோ எல்லாக் கவுண்டர்களும் நின்றுவிடும்.

ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று பணியை ஏற்குமாறு கணிப்பொறிகளை இணைப்பதே இதற்கு மாற்று. அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் 1983-இல் அறிவித்த 'வாக்ஸ் கிளஸ்டர்' இத்தகையது. இதில் பதிவேடு எந்தக் கணிப்பொறிக்கும் தனியுடைமை அன்று; இரண்டும் அணுகக்கூடிய பொது வட்டில் அது இருக்கிறது. ஒரு பதிவைத் திருத்துமுன் அதற்குரிய 'பூட்டை'ப் பெறவேண்டும் என்பது விதி.

கணிப்பொறி ஒன்று செயலிழப்பது பெரிய ஆபத்தன்று. இரண்டும் நலமாக இருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுபடுவதே ஆபத்து. மற்றது மடிந்துவிட்டது என்று ஒவ்வொன்றும் கருதும். இரண்டும் பூட்டின்றி ஒரே வட்டில் எழுதத் தொடங்கும். ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படும். நாளடைவில் பதிவேடே சிதையும். நின்றுபோன கணிப்பொறியை மீண்டும் இயக்கலாம்; சிதைந்த பதிவேட்டை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

ஆகவே, சட்டமன்றத்துக்குப் போலவே இங்கும் 'கோரம்' தேவை. ஆளுக்கு ஒரு வாக்கு என இரண்டு வாக்குகள் இருந்தால் பெரும்பான்மைக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மடிந்தால் எஞ்சியதும் முடங்கும். தேவையை ஒரு வாக்காகக் குறைப்பது முன்சொன்ன ஆபத்தைத் தானே அழைத்துக்கொள்வதாகும். பொது வட்டொன்றுக்கு மூன்றாம் வாக்கை அளிப்பதே முறை. மூன்றில் இரண்டு போதும். அவ்வட்டின் வாக்கு ஒரு பக்கத்துக்கே சேரும். கிட்டாத கணிப்பொறி தன் பணியைத் தானே நிறுத்திவைக்கும். இணைப்பின் நொடிநேரத் தடுமாற்றத்தை மரணமாகக் கொள்ளாதிருக்க, வழக்கமாக 20 விநாடி காத்திருப்பதும் உண்டு.

இன்றைய லினக்ஸ் கிளஸ்டர்களில் இன்னும் கடுமையான வழி உண்டு: எஞ்சிய கணிப்பொறி முதலில் மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டே வட்டை ஏற்கும். 'மற்றவன் தலையில் சுடு' என்று பொருள்படும் பெயரை அதற்கு வல்லுநர்கள் சூட்டியிருப்பது சற்றுக் கொடூரமே. ஆனால் வழி சரியானது.

கணிப்பொறியை இரண்டாக வாங்குவோர், இரண்டு இணைப்புக் கம்பிகளையும் ஒரே குழியில் புதைத்துவிடுவதுண்டு. வட்டுக்கு நகல் வட்டு வைக்க மறந்துவிடுவதும் உண்டு. பணியில்லாத ஓர் இரவில் முதலில் மின்சாரத்தையும், பின்னர் இணைப்பையும், அதன்பின் வட்டுக்குச் செல்லும் வழியையும் தனித்தனியே துண்டித்துப் பார்ப்பது இன்றியமையாதது. அவ்வேளையில் பாதியில் நின்ற ஒரு முன்பதிவு முழுதும் நீக்கப்படுகிறதா, அல்லது சீட்டு அச்சாகாமலே படுக்கை மட்டும் விற்றதாகப் பதிவாகிவிடுகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.