வளரும் வீடு
(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் 'அளவைகள்' பாடம் நடத்தும்போது நான் செய்து பார்த்த ஒரு செயல்பாட்டை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கட்ட நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டை மூன்று முறை வரைய வேண்டும்: கட்டியபோது இருந்தது, இப்போது இருப்பது, பத்து ஆண்டுக்குப் பின் இருக்கவேண்டியது. முதல் படத்துக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டும்.

கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது எளிது. கோட்டை என்ற சொல்லை ஊருக்குத் தந்த டச்சுக்காரர்களின் கெல்திரியா கோட்டை 1613இல் எழுந்தது. இன்று அது செடி மூடிய மேடு. ஆனால் ஓலைக் குடிசை அப்படி நின்றுபோனதில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்தில் ஒரு சார்ப்பு இறக்குவார்கள். வலை வைக்க இடம் போதாவிட்டால் முன்னால் பந்தல். ஓலையை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போதே வீடும் மாறும். (ஓலை வீடே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. தீப்பிடித்தால் என்னாகும் என்பது தெரியும்.)

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடற்கரையில் பல ஊர்களுக்குக் கான்கிரீட் வீடுகள் வந்தன. பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் குடும்பம் பெருகினால் எந்தப் பக்கம் நீட்டுவது?

இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டவர்கள் உண்டு. 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் சென்னை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதிகளும் கொடுத்து, மீதியை மக்களே வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார்கள். 1980களில் இந்தூர் அருகே அரண்யா குடியிருப்பை வடிவமைத்த பி.வி. தோஷி அதையே இன்னும் நுட்பமாகச் செய்தார். ஏழைக் குடும்பத்துக்கு மனை, அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை. மாடிப்படி, திண்ணை, பால்கனியெல்லாம் பிறகு அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். 1995இல் ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. 'மேலே பிறகு கட்டலாம்' என்று தூண் கம்பியை மொட்டைமாடியில் நீட்டி விடுகிறோம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பத்தாண்டு கழித்துக் கட்டப் போனால் கம்பி பயன்படாது. அதைச் சன்னமான கலவையால் மூடி வைத்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம். என் பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொன்னார்கள். இரண்டு வீடுகளில் மூடியும் விட்டார்கள்.

ஒரு மாணவி மூன்றாம் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கேட்டேன். "அண்ணனுக்குக் கல்யாணம் சார். படிக்கட்டு வைக்க இடமில்ல. அண்ணன் வாடகைக்குப் போவுது."

அந்த வெற்றுப் பக்கத்துக்கும் முழு மதிப்பெண் போட்டேன். பிறகு வகுப்பு முழுவதும் அவள் வீட்டு அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, படிக்கட்டுக்கு மூன்றடி எங்கே கிடைக்கும் என்று இரண்டு பாடவேளை தேடினோம். பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை நகர்த்தினால், இரண்டே முக்கால் அடி கிடைத்தது. கொத்தனார் வேலை செய்யும் ஒரு பெற்றோர் அடுத்த வாரம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.