லைசன் தேதியை இன்றைக்கே பாருங்கள்
(வட்டுக்கோட்டையில் வேலை செய்யும் தோட்டத்துச் சாரதிகளிடம் பேசியது)



மலைநாட்டிலிருந்து வந்து இங்கே லொறியும் டிராக்டரும் ஓட்டுகிறீர்கள். ஊரில் லயத்து அடுப்பு எரிவது உங்கள் சம்பளத்தில். அந்தச் சம்பளமோ சட்டைப் பையிலுள்ள ஒரு சின்ன அட்டையை நம்பியிருக்கிறது.

சாரதி அனுமதிப்பத்திரம் சிறிய வாகனத்துக்கு 8 வருடம், கனரக வாகனத்துக்கு 4 வருடம்தான் செல்லும். புதுப்பிக்க மூன்று வேண்டும்: பழைய லைசன், தேசிய அடையாள அட்டை, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ். முதல் இரண்டுக்கும் கொப்பியும் எடுங்கள். கண்ணாடி போடுகிறவர் மருத்துவப் பரிசோதனைக்குக் கண்ணாடியோடு போங்கள்.

நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. வீட்டிலேயே ஒத்துப் பாருங்கள். அடையாள அட்டையைத் திருத்துவதென்றால் இங்கே கிராம சேவகரிடம், தோட்டத்தில் துரையிடம் கையெழுத்து வாங்கணும். அதற்கு நாள் பிடிக்கும்.

தரகர் கையில் காசையும் அட்டையையும் கொடுக்காதீங்க. காலம் கடந்த லைசனோடு விபத்து நடந்தால் வழக்கும் வரும், காப்புறுதிப் பணமும் சிக்கலாகும்.

ஊரில் இதை வாசிக்கும் தாய்மாரே, பிள்ளையிடம் அந்தத் தேதியைக் கேட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.