கைத்தொலைபேசியில் ஒரு கதை வகுப்பு



எழுத விரும்பும் இளைஞர்களை ஊக்குவிக்கும் முதற் காணொளியைத் தோட்டத்திலிருந்தே தயாரித்து, இணையத்தில் வெளியிடுவது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருளாகும். இது பட்டணத்தார்க்கு மட்டுமே உரிய வேலை என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டா.

தொலைவிலிருந்தே எழுத்துப் பயிற்சி பெறுவது நமக்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். மலாயாத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் அவ்வகுப்புக்குச் சிறப்பான இடமுண்டு. அந்நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும், அத்தகைய வகுப்பை மீண்டும் தொடங்குவதற்கான கருவி இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கின்றது.

இப்பணியை இப்போதே தொடங்க வேண்டியதற்குத் தக்க காரணம் உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடும் முயற்சி நம் மலாக்கா மாநிலத்தில்தான் தொடங்கிற்று. இன்றோ அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மரங்கள் மறையும்போது பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களும், அவற்றோடு சேர்ந்த வாழ்வும் மறைகின்றன. தமிழகத்திலிருந்து வந்து சென்ற அகிலன் அவர்கள் நம் தோட்ட வாழ்வை வைத்துப் ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலைப் படைத்தார். விருந்தினர் ஒருவரால் அது இயன்றதென்றால், இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தோர் எழுதத் தயங்கலாமா?

இனி, காணொளி தயாரிக்கும் முறையைக் காண்போம். முதலில், ஒரு காணொளிக்கு ஒரே கருத்து என்று வரையறுத்துக் கொள்க. “எழுதுங்கள், எழுதுங்கள்” என்று அறிவுரை கூறுவதால் மட்டும் எவரும் எழுதத் தொடங்கார். எழுதிப் பார்க்க ஒரு பயிற்சியைத் தருதல் வேண்டும். விடியற்காலையில் மழை பெய்து மரம் வெட்ட இயலாமற்போன ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். “அன்று நாங்கள் வருந்தினோம்” என்று எழுதினால் படிப்பவர் நெஞ்சில் ஒன்றும் பதியாது. “அம்மா அரிசி டின்னைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூடினாள்” என்று எழுதினால், ஒரு நாட் கூலி போன துயரம் தானே விளங்கும். இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, “இதுபோல் ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள்” என்று கேட்டு முடிக்கலாம். மூன்று நிமிடம் போதும்.

பேச வேண்டியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எதிரில் ஓர் இளைஞர் அமர்ந்திருப்பதாக எண்ணி இயல்பாகப் பேசுக. வெளிச்சம் முகத்தில் விழுமாறு அமர்தல் நன்று. முதுகுப்புறம் சன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். படத்தைக் காட்டிலும் குரலின் தெளிவே முதன்மையானது. ஆதலால், காற்றும் மோட்டார் சைக்கிள் இரைச்சலும் இல்லாத இடத்தைத் தேர்ந்து, கைத்தொலைபேசியை அருகிலேயே அசையாமல் நிறுத்துக. முதலில் பத்து விநாடி பதிவுசெய்து கேட்டுப் பார்த்தபின் முழுவதும் பேசுக. பிறருடைய முகத்தையோ எழுத்தையோ அவர்தம் இசைவின்றி வெளியிடலாகாது. சிறுவராயின் பெற்றோரின் இசைவும் வேண்டும்.

“எனக்குப் படிப்பில்லையே” என்று தயங்கும் பெரியவர்க்கும் இதில் பங்குண்டு. தாத்தா பேசட்டும், பேத்தி பதிவுசெய்யட்டும். பின்னர் அப்பேச்சைக் கேட்டு அவளே எழுதட்டும். ஒருவரிடம் அனுபவமும் மற்றவரிடம் எழுத்தும் இருக்கும் வீட்டில் கதைக்குப் பஞ்சமில்லை.

முதற் காணொளி குறையுடையதாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டா. யூடியூப் தளத்தில் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஏற்றப்பட்ட முதற் காணொளி 19 விநாடி மட்டுமே ஓடுவது. விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று ஒருவர் சில சொற்கள் பேசுகிறார், அவ்வளவே.

பார்த்தவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தெபோங்கிலோ மெர்லிமாவிலோ ஓர் இளைஞர் அதைப் பார்த்துவிட்டு ஐந்து வாக்கியம் எழுதினால், உங்கள் முயற்சி வெற்றி பெற்றதாகும். அவ்வைந்து வாக்கியங்களைப் பொறுமையுடன் படித்து, நல்லதைப் பாராட்டி, திருத்த வேண்டியதை அன்புடன் எடுத்துக் கூறுங்கள். அடுத்த காணொளிக்கான பொருளும் அதிலிருந்தே கிடைக்கும்.

நம் வாழ்வை நாமே எழுதுவோம். எழுத முனைவோர்க்குத் துணை நிற்போம்.