குளிரும் ஈரத் துணியும்
(ஆம்பூரில் செய்த பிரசங்கம்)



மார்கழி, தை மாதங்களில் பாலாற்றங்கரையில் வீசும் வாடையைப் பற்றி ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்பில் ஊறிய தோலைத் தூக்கிப் போடும் தொழிலாளி நனைந்த வேட்டியோடேயே இரவில் வீடு திரும்புகிறான். உடம்பு நடுங்கிப் பேச்சுக் குழறினால், "காற்று அடித்துவிட்டது" என்று வேப்பிலையைத் தேடுகிறார்கள். காற்று அடித்தது வாஸ்தவந்தான். ஆனால் அது வெறும் வாடைக் காற்று.

நம் சரீர உஷ்ணம் சுமார் 98.4 பாரன்ஹீட் டிகிரி. குளிரில் அது நான்கு வழிகளில் வெளியேறுகிறது. அடுப்பைத் தொடாமலே நமக்கு அனல் தெரிவதுபோல், நம் உடம்பும் அனலை வீசிக்கொண்டே இருக்கிறது, இது ஒன்று. படுத்திருக்கும் கல்தரை சூட்டை வாங்கிக்கொள்ளுகிறது, இது இரண்டு. உடம்பைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பை வாடை அடித்துக்கொண்டு போகிறது, இது மூன்று. ஈரம் உலரும்போது சூட்டை எடுத்துக்கொள்ளுகிறது, இது நான்கு.

மண்பானைத் தண்ணீர் குளிர்வது நாலாவது வழியால்தான். ஒரு கிராம் ஈரம் உலர எடுக்கும் சூடு, சுமார் 580 கிராம் தண்ணீரை ஒரு சென்டிகிரேட் டிகிரி குளிர வைக்கப் போதும். அன்றியும், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும். அப்படியானால் நனைந்த வேட்டி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுக்கம் என்பது தசைகள் அசைந்து சூடு உண்டாக்கப் பார்க்கும் வேலை. உஷ்ணம் 95 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். இன்னும் குறைந்தால் நடுக்கமே நின்றுவிடும். உடனே பூசாரி, "பேய் இறங்கிவிட்டது" என்று தட்சணைக்குக் கை நீட்டுகிறான். இறங்கியது பேயல்ல, தோழர்களே! மனிதனுடைய உயிர்ச் சூடு. அதுவே மிகவும் அபாயமான நேரம்.

சாராயம் குளிரைப் போக்கும் என்பதும் ஏமாற்றமே. அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து, உள்ளேயிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

ஆகையால் ஈரத்துணியைக் களைந்து, துடைத்து, தலை முதல் கம்பளியால் போர்த்துங்கள். நினைவிருந்தால் சூடான கஞ்சி கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிறந்த குழந்தையையும் முதல்நாள் குளிப்பாட்டாமல், துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியும் ஓர் அறையும் வேண்டுமென்று முதலாளியைக் கேட்கத் தயங்காதீர்கள். பூசாரிக்கு வைத்திருக்கும் காசில் ஒரு கம்பளி வாங்குங்கள் என்பதே நமது வேண்டுகோள்.