போனவள் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. வெளிநாடுன்னதும் ஏரோப்ளேன், பெரிய கட்டடம், நகைக்கடை இதையெல்லாம் கேட்க ஆசையா இருக்கும். கொஞ்சம் சொல்றேன். ஆனா நான் பேச வந்தது திரும்பி வந்ததைப் பற்றி. போறதுக்கு ஊரே வழி சொல்லுது. பாஸ்போர்ட் எங்கே எடுக்கணும், மெடிக்கல் எங்கே பார்க்கணும், பெட்டியில் எத்தனை கிலோ வைக்கலாம், எல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு. திரும்பி வர்றவளுக்கு ஒரு ஏற்பாடும் கிடையாது. விமான நிலையத்துல இறங்கினா அவ பாடு, அவ குடும்பத்துப் பாடு.

நான் போனது ஓமன் நாட்டுக்கு. மஸ்கட்டில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையா இருந்த வயசான அம்மாவைப் பார்த்துக்கிற வேலை. எங்க வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் கடன் கழுத்தை நெரிச்ச நேரம் அது. போன வழியைச் சொல்லிடறேன், ஏன்னா இங்கே இருக்கிற யாருக்காவது தேவைப்படும். பத்தாவது படிக்காத நம்மள மாதிரிப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகணும்னா 30 வயசு முடிஞ்சிருக்கணும். 2016-லிருந்து அரசாங்கம் அனுமதிச்ச அரசு நிறுவனங்கள் மூலமாத்தான் போகணும்னு விதி. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, 1978-லிருந்து இருக்கு. ஒப்பந்தத்தில் சம்பளம் எழுதியிருக்கும். 275 ரூபாயும் வரியும் கட்டினா ரெண்டு வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ். டூரிஸ்ட் விசாவில் போயிடலாம், அங்கே போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா, இதுல ஒண்ணுமே கிடையாது. அவ்வளவுதான்.

வேலை கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா சோத்துக்கும் மரியாதைக்கும் அந்த வீட்டில் குறை இல்லை. அந்த ஊரில் வீட்டு அம்மாவை வேலைக்காரப் பெண்கள் 'மாமா'ன்னு கூப்பிடணும். முதல் வாரம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. போன்ல எங்க மாமியார்கிட்ட "மாமா கூப்பிடறாங்க, வைக்கிறேன்"னு சொல்ல, அவங்க பதறிப் போய் "எந்த மாமாடி?"ன்னு கேட்டாங்க!

ஆடி மாசத்துல அந்தக் குடும்பம் சலாலாங்கிற ஊருக்குப் போச்சு, அந்த அம்மாவையும் வண்டியில் படுக்க வச்சு, என்னையும் கூட்டிக்கிட்டு. மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும். வழி முழுக்கப் பாலைவனம். ஒரு மரம், ஒரு ஆடு கண்ணில் படாது. கடைசியில் ஒரு மலையேறி இறங்கினா, திடீர்னு மூடுபனி, தூறல், பச்சைப் புல்லு. அரபு நாட்டுல அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் பருவக்காத்து இப்படிச் சாரலைக் கொண்டு வருதாம். ரோட்டோரம் தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு, கீத்துக்கொட்டகையில் இளநீர்க் கடை. நம்ம கொள்ளிடக்கரை மாதிரியே இருந்துச்சு. சாம்பிராணி மாதிரி புகைபோடுற பிசின் இருக்கே, லுபான்னு சொல்றாங்க, அந்த மரத்தையும் அங்கேதான் பார்த்தேன், பட்டையைக் கீறிவிட்டா பால் மாதிரி வடியுது. என் வாழ்நாளில் நான் சுற்றுலான்னு போனது அந்த மூணு வாரம்தான். அதுவும் ஒருத்தருக்குப் பணிவிடை செய்யப் போனது.

பன்னிரண்டாவது மாசம் அந்த அம்மா இறந்துட்டாங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தம் ஒரு வருஷத்தோட முடிஞ்சது. சம்பளப் பாக்கி இல்லாம கணக்கு முடிச்சு, டிக்கெட் போட்டு அனுப்பி வச்சாங்க.

இங்கேதான் கதை ஆரம்பம். நான் வந்து இறங்கின அன்னிக்கே தெருவில் கேள்வி: "ரெண்டு வருஷம்னு போனா, ஏன் ஒரு வருஷத்துல வந்துட்டா?" அந்த 'ஏன்' இருக்கே, அது சாதாரணக் கேள்வி இல்லைன்னு இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆம்பளை ஒருத்தன் பாதியில் திரும்பி வந்தா கம்பெனி சரியில்லைம்பாங்க. பொம்பளை வந்தா அவளைத்தான் மேலும் கீழும் பார்ப்பாங்க. நம்ம உறுப்பினர்களே ரெண்டு பேர் கேட்டாங்க. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்காங்க.

அடுத்து பெட்டி. கோடாலித் தைலம், சோப்பு, பால் பவுடர், யாருக்கு என்னன்னு கணக்கு. மூணாவது நாள் கைமாத்து கேட்டு ஆள் வந்தாச்சு. வெளிநாட்டுக் காசுன்னா கிணத்து ஊத்துன்னு நினைப்பு. என் கணக்கை இங்கேயே சொல்லிடறேன், ஒளிக்க ஒண்ணும் இல்லை. மாசம் நூறு ரியால் சம்பளம். ஒரு வருஷத்துக்கு நம்ம பணத்துல சுமார் 2,50,000 ரூபாய். ஆபரேஷன் கடனும் வட்டியும் 1,40,000. வீட்டுச் செலவுக்கு மாசம் 5,000 வீதம் 60,000. என் பெயரிலிருந்த வங்கிக் கணக்குக்கு மாசம் 3,000 வீதம் 36,000. மிச்சம் 14,000-ல் சாமான், போன் செலவு. அந்த 36,000 மட்டும் இல்லேன்னா, நான் வெறுங்கையோடதான் வந்திருப்பேன். அது எங்க குழு ஊக்குநர் அக்கா பிடிவாதமா சொன்னது. "வீட்டுக்கு அனுப்பு, வேணாங்கலை. ஆனா ஒரு பங்கு உன் பாஸ்புக்குக்குப் போகணும்"னாங்க.

வீட்டுக்குள்ளே நடந்தது வெளியே தெரியாது. உப்பு ஜாடி எங்கே இருக்குன்னு மாமியாரைக் கேட்க வேண்டியிருந்தது. அடுக்களை மொத்தமும் இடம் மாறியிருந்தது. அவங்க வசதிக்கு மாத்தி வச்சிருக்காங்க, தப்பு சொல்ல முடியுமா? எட்டாவது படிக்கிற மகள் டூருக்குப் போகக் கையெழுத்து கேட்டு பாட்டிகிட்டதான் நிக்கிறா. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்திருக்க முடியல. அந்த ஊர் நேரம் நம்மளை விட ஒன்றரை மணி பின்னாடி, உடம்பு அதுக்குப் பழகிப் போச்சு. "வெளிநாட்டுக்காரி தூங்கறா"ன்னு ஒரு பேச்சு. முட்டி வலி வேற. அங்கே வெள்ளி, சனி விடுமுறை. இங்கே வந்து ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்கூல் லீவுன்னு நினைச்சு பையனை எழுப்பாம விட்டேன்!

இந்த நேரத்தில் என்னை நிமிர்த்தினது எங்க குழுக் கூட்டம்தான். அதுக்குக் காரணம், நான் போறதுக்கு முன்னாடி எங்க குழு போட்ட ஒரு தீர்மானம். அதைத்தான் விவரமா சொல்லணும்.

நம்ம குழுக்களில் தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலைன்னா பெயரை நீக்கலாம்னு பல இடத்தில் விதி வச்சிருக்கோம். வருகைப் பதிவு குறைஞ்சா தரமதிப்பீட்டில் மார்க்கு குறையும், வங்கிக் கடனுக்கு இடிக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். எங்க குழுவிலும் அன்னிக்குச் சண்டையே நடந்தது. "அவ ஒருத்திக்காகப் பதினோரு பேர் கடனைக் கெடுத்துக்கறதா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டதில் தப்பில்லை. கடைசியில் எழுதினது இது: என் உள்கடன் பாக்கியை முடிச்சுட்டுப் போகணும். நான் இல்லாத காலத்தில் வாங்கற வங்கிக் கடனில் எனக்குப் பங்கு இல்லை, பொறுப்பும் இல்லைன்னு நான் எழுதிக் கொடுக்கணும், அதை வங்கி மேலாளருக்கும் தெரியப்படுத்தணும். மாசச் சேமிப்பு 200 ரூபாயை என் நாத்தனார் கொண்டுவந்து கட்டணும். பெயர் நீக்கப்படாது, எதிரே 'வேலை நிமித்தம் வெளிநாடு'ன்னு குறிக்கணும். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாங்க, சண்டை போட்ட அக்கா உட்பட.

வந்து அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனேன். என் பெயர் ஒன்பதாவது வரிசையில் அப்படியே இருந்தது. சேமிப்பு 2,400 ரூபாய் ஏறியிருந்தது. வீட்டில் என் இடம் எதுன்னு தேடிக்கிட்டிருந்த எனக்கு, அந்த நோட்டுல இடம் தயாரா இருந்தது.

பக்கத்து ஊராட்சியில் ஒரு தங்கச்சி. டூரிஸ்ட் விசாவில் போய், ஏழு மாசம் வேலை செஞ்சு, மூணு மாசச் சம்பளம் வராம திரும்பினவ. ஒப்பந்தத் தாள் இல்லாததால் எங்கேயும் முறையிட வழியில்லாம போச்சு. அவ குழுவில் நாலாவது மாசமே பெயரை அடிச்சுட்டாங்க. திரும்பி வந்தப்ப உள்கடன் கிடையாது, புது உறுப்பினரா சேரணும்னா ஆறு மாசம் காத்திருக்கணும்னாங்க. அவ தண்டல்காரன்கிட்ட 15,000 வாங்கினா. இன்னிக்கும் வாராவாரம் கட்டிக்கிட்டிருக்கா. அவளும் நம்ம கூட்டமைப்புப் பொண்ணுதான். யாருக்குக் குழு ரொம்பத் தேவையோ, அந்த நேரத்தில் அவளுக்குக் குழு இல்லை.

எனக்கு உள்கடன் 20,000 கொடுத்தாங்க. மாடு வாங்குன்னுதான் முதல்ல சொன்னாங்க, நமக்கு எல்லாத்துக்கும் மாடுதான்! நான் வேற சொன்னேன். ஒரு வருஷம் படுத்த நோயாளியைப் பார்த்திருக்கேன். ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா முதுகில் புண் வந்துடும்னு தெரியும். படுக்கையிலிருந்தபடியே குளிப்பாட்டத் தெரியும், விரிப்பு மாத்தத் தெரியும், எத்தனை தடவை சிறுநீர் போச்சுன்னு எழுதி வைக்கத் தெரியும். ஓமனிலிருந்து நான் கொண்டுவந்ததில் தைலமும் சோப்பும் தீர்ந்துபோச்சு, இது தீரல. இப்போ சிதம்பரத்தில் மூணு வீட்டுக்கு நானும் இன்னும் ரெண்டு உறுப்பினர்களும் முறைவச்சுப் போறோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். மகள் இப்போ என்கிட்டேயும் கையெழுத்து வாங்கறா, கணக்கு மார்க்கு குறைஞ்சா மட்டும் பாட்டிகிட்ட.

தலைவி அக்காகிட்ட என் கோரிக்கை ஒண்ணுதான். எங்க குழு போட்ட தீர்மானத்தின் நகலைக் கொண்டு வந்திருக்கேன். அதைப் பொதுக்குழுவில் வச்சு, நம்ம கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் பொதுவாக்கணும். வெளிநாடு மட்டுமில்லை, திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போறவளுக்கும் அது பொருந்தணும். பெயர் அடிக்கப்பட்டவங்களைத் திரும்பச் சேர்க்கும்போது ஆறு மாசக் காத்திருப்பை எடுத்துடணும். அந்தத் தங்கச்சி இன்னிக்கு இங்கே வந்திருக்கா. கடைசி வரிசையில், தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கா. அடுத்த பொதுக்குழு எப்போன்னு அவளுக்குத் தெரியற மாதிரி, இந்த மைக்கிலேயே தேதியைச் சொல்லிடுங்க அக்கா.