கடிதம் டில்லியில், மூட்டை நம் தலையில்

(செகந்திராபாத்தில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுக் கொள்கை என்றதும், "அது பெரிய இடத்து விவகாரம், நமக்கெதற்கு?" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அயல்நாட்டுத் தலைவர்கள் வந்தால் டில்லியில் விருந்து வைத்துப் பேசும் மாளிகைக்குப் பெயர் ஹைதராபாத் ஹவுஸ். நம் ஊர் நிஜாம் கட்டியது. அந்த மாளிகைக்குள் நாம் போக முடியாது. ஆனால் அத்தகைய இடங்களில் பேசி முடித்தது நம் அடுப்படி வரை வந்துவிடுகிறது.

அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உரியது. மாநிலத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாராளுமன்றத்தின் ஒப்புதலும் எல்லாவற்றுக்கும் தேவையில்லை. பிரதமரும் மந்திரிசபையும் முடிவெடுப்பார்கள், வெளிவிவகார அமைச்சின் அதிகாரிகள் வாசகம் எழுதுவார்கள், தூதரகங்கள் நிறைவேற்றும். மண்ணை விட்டுக் கொடுப்பதற்கு மட்டும் ஒரு காவல் உண்டு. அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் இந்திய நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுக்க முடியாது என்று, பெருபாரி விவகாரத்தில் 1960-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

மண்ணுக்கு அந்தக் காவல். மனிதருக்கு?

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய நம் மக்களை 1948-ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றே நேரு காலத்து டில்லி பெரும்பாலும் வாதாடி வந்தது. நேரு மறைந்து ஐந்து மாதம்தான் ஆயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகவும் கடிதம் பரிமாறிக் கொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். 1974-ல், இந்திரா காந்தி அம்மையார் காலத்தில், அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில்கூட மாட்டை அவிழ்த்து வந்து நிறுத்திப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்!

மலையகத் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். கடிதம் மாறவில்லை. அவரவர் மனுப் போட்டுத்தான் வந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் எத்தனை பேர் போக வேண்டும் என்ற கணக்கு, முதல் மனு எழுதப்படும் முன்பே முடிந்திருந்தது.

எழுதுவது இரண்டு பேர், நிறைவேற்றுவது யார்? தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற குடும்பங்கள்தான் நிறைவேற்றின. சிலருக்கு நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டம், சிலருக்குக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் காடு. தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் ஆந்திர அரசும் பங்குதாரர் ஆயிற்று. 1984-ல் கப்பல் நின்றது. அங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு இலங்கை சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது 2003-ல். ஒரு கடிதத்துக்கு முடிவு காண 39 ஆண்டுகள்!

இது பழைய கதை, இலங்கைக் கதை என்பீர்கள். இந்த ஊர்க் கதையும் ஒன்று உண்டு.

வளைகுடாவுக்குப் போகும் நம் தொழிலாளியை இன்ன சம்பளத்துக்குக் கீழே அனுப்ப மாட்டோம் என்று இந்திய அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், டில்லி அதை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. கத்தாரோ ஓமனோ போகிறவனுக்கு மாதம் 200 டாலர் போதுமாம்! வேலை கை நழுவிப் போகாமல் இருக்கவே குறைத்தோம் என்றார்கள். அது பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்நாட்களில் வேலை இழந்து திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் போகிறவனைக் கேட்டார்களா? இதற்குச் சட்டமும் இல்லை, விவாதமும் இல்லை, வெறும் சுற்றறிக்கைதான்.

இந்த முறை மட்டும் ஒரு வித்தியாசம். இங்கே, ஹைதராபாத்தில், தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே, 2021-ல், அரசு பழைய வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது.

ஆனால் இடையில் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள் கதி? வளைகுடாவில் மகனோ மருமகனோ இருக்கிற தாய்மார்கள், அடுத்த கூட்டத்துக்கு அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். அந்த மாதங்களில் கையெழுத்தானவற்றைத் தனியே எடுத்து, என்ன சம்பளம் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.